மின்சாரம் போனாலும் மறக்காத அட்டை: ஒரு சின்னப் பற்றரியின் வரலாறு

வங்கிச் செயலியில் காசு அனுப்பினால் 'பரிவர்த்தனை வெற்றி' என்று வருகிறது. இணையத்தில் ஒரு விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினால் 'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது' என்று வருகிறது. அந்த ஒரு வரியை நம்பித்தான் ஃபோனை வைச்சிட்டு வேற வேலையைப் பார்க்கப் போறம். ஆனால் அந்த வரி திரையில் விழுகிற நேரத்தில் நாங்கள் அனுப்பின தரவு எங்கே இருக்கிறது? டிஸ்க்கில் எழுதியாச்சு எண்டுதான் எல்லாரும் நினைப்பம். பல சேர்வர்களில் அது இன்னும் டிஸ்க்குக்குப் போயிருக்காது. ஒரு அட்டையில் பதித்த மெமரிச் சில்லுக்குள், மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நினைவிருக்கிற ஒரு இடத்தில், தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

அந்த இடைவெளியில் கரண்ட் போனால் என்ன நடக்கும்?

இந்தக் கேள்விக்கு விடையாக வந்த ஒரு பொருளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சேர்வருக்குள் இருக்கிற ரெய்ட் கொன்ட்ரோலர் அட்டையோடு ஒரு சின்ன வயரால் இணைத்திருப்பார்கள். பழைய நோக்கியா ஃபோன் பற்றரி அளவில்தான் இருக்கும். கணினி வரலாறு எழுதுகிற ஆக்கள் சில்லைப் பற்றி எழுதுவினம், இணையத்தைப் பற்றி எழுதுவினம், கலிபோர்னியாவில் கராஜுக்குள் கொம்பனி தொடங்கின பெடியளைப் பற்றி எழுதுவினம். இந்தப் பற்றரியைப் பற்றி எழுத ஆக்கள் குறைவு. ஆனால் 'எழுதியாயிற்று' என்ற சொல்லின் அர்த்தமே இதால்தான் மாறியது என்று சொன்னால் அது மிகையில்லை. சான்றுகளையும் ஆவணங்களையும் பற்றிப் படிக்கிற எங்களுக்கு, ஒரு பதிவு எந்தக் கணத்தில் பதிவாகிறது என்பது சின்னக் கேள்வியும் இல்லை.

மறக்காத மெமரி ஒரு காலத்தில் இருந்தது

கணினியின் மெமரி கரண்ட் போனால் அழிந்துவிடும் என்பது எங்களுக்கு இயற்கை விதி மாதிரித் தெரிகிறது. ஆனால் அது எப்போதும் அப்படி இருக்கவில்லை.

1950களின் நடுப்பகுதியிலிருந்து 1970களின் நடுப்பகுதி வரை உலகத்தின் பெரும்பாலான கணினிகள் பாவித்தது காந்த வளைய மெமரி. கடுகு போன்ற சின்னச் சின்ன ஃபெரைட் வளையங்கள், அவற்றுக்குள் ஊடும் பாவுமாகக் கோர்த்த மெல்லிய வயர்கள். ஒவ்வொரு வளையமும் ஒரு திசையில் காந்தமானால் 1, மறுதிசையில் காந்தமானால் 0. ஷங்காயில் பிறந்து ஹார்வார்டுக்கு வந்த ஆன் வாங் 1949இல் இதன் அடிப்படை யோசனை ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். எம்.ஐ.ரியில் ஜே ஃபொரெஸ்டரின் குழு 1953இல் வேர்ல்விண்ட் என்ற கணினியில் இந்த மெமரியைப் பொருத்தி ஓட்டிக் காட்டியது. வாங்கின் காப்புரிமையை ஐ.பி.எம் 1956இல் 5 இலட்சம் டொலருக்கு வாங்கியது.

இந்த வளையங்களுக்கு ஒரு பெரிய குணம் இருந்தது. கரண்ட் போனாலும் காந்தம் போகாது. 1986இல் சலெஞ்சர் விண்ணோடம் வெடித்துச் சிதறியபோது அதன் கணினிகள் அத்திலாந்திக் கடலுக்குள் போயின. பல வாரங்களுக்குப் பிறகு உப்புத் தண்ணிக்குள் இருந்து எடுத்த அந்தக் கணினிகளின் வளைய மெமரியில் எழுதியிருந்ததைப் பொறியியலாளர்களால் வாசிக்க முடிந்தது. கடலுக்குள் போனாலும் மறக்காத மெமரி அது.

பிறகு ஏன் அதைக் கைவிட்டார்கள்? விலையும் வேகமும்தான். வயர் கோர்க்கிற வேலை பெரும்பாலும் கையால் செய்கிற வேலை, அதைச் செய்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். ஐ.பி.எம்மில் வேலை செய்த ரொபேட் டெனார்ட் ஒரே ஒரு திரான்சிற்றரையும் ஒரு சின்னக் கொள்ளளவியையும் வைத்து ஒரு பிற்றைச் சேமிக்கலாம் என்று கண்டுபிடித்தார். 1968இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1970இல் இன்ரெல் கொம்பனி 1103 என்ற டிராம் சில்லைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதில் இருந்தது வெறும் 1024 பிற். ஆனாலும் சில வருடங்களுக்குள் வளைய மெமரியின் காலம் முடிந்தது.

டிராம் என்பது ஓட்டை வாளி மாதிரி. கொள்ளளவியில் இருக்கிற ஏற்றம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் ஒரு செக்கனுக்குள் பல தடவை வாசித்து, திரும்ப நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நிரப்புகிறதை நிறுத்தினால் ஞாபகம் போய்விடும். மலிவான, வேகமான, ஆனால் மறதியுள்ள மெமரி. உலகம் அதைத்தான் தேர்ந்தெடுத்தது. அதற்குப் பிறகு வந்த பற்றரிகள் எல்லாம் அந்தத் தேர்வுக்குக் கட்டிய வட்டி என்று சொல்லலாம்.

சிட்டையும் பேரேடும்

மெமரி மறந்தால் பரவாயில்லை, டிஸ்க்கில் எழுதி வைப்பம் எண்டு சொல்லலாம். டிஸ்க் கரண்ட் போனாலும் மறக்காது, உண்மைதான். ஆனால் அது மெதுவானது. ஒரு சாதாரண சேர்வர் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 தரம் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு 8 மில்லிசெக்கனுக்குக் கொஞ்சம் மேல். தலை நகர்ந்து, சரியான இடம் சுழன்று கீழே வந்து, எழுதி முடிக்க ஏறத்தாழ 10 மில்லிசெக்கன். அதாவது அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுதினால் செக்கனுக்கு நூறு தடவை எழுதலாம், அவ்வளவுதான். மெமரியில் எழுதுகிற வேகம் இதைவிடப் பல்லாயிரம் மடங்கு.

ஊர்க்கடையை நினைச்சுப் பாருங்கோ. பின்னேரம் கடை நிறைய ஆக்கள். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் பெரிய பேரேட்டைத் திறந்து, சரியான பக்கத்தைத் தேடி, வரவு செலவு எழுதிக்கொண்டிருந்தால் சனம் அடுத்த கடைக்குப் போயிடும். அதால கடைக்காரர் முதலில் சிட்டையில் கிறுக்குவார். இரவு கடை பூட்டின பிறகு பேரேட்டில் ஒழுங்காகப் பதிவார்.

கணினிக்காரரும் இதைத்தான் செய்தார்கள். டிஸ்க்குக்கும் கணினிக்கும் நடுவில் கேஷ் என்று ஒரு மெமரியை வைத்தார்கள். இது காசு இல்லை, தற்காலிகமாக வைக்கிற இடம். எழுத வேண்டியது கேஷுக்கு வந்தவுடனேயே 'எழுதியாச்சு' என்று பதில் சொல்லிவிடுவது, பிறகு ஆறுதலாக டிஸ்க்கில் எழுதுவது. இதற்குப் பெயர் ரைட்-பாக். டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகுதான் பதில் சொல்லுவேன் என்றால் அது ரைட்-துரூ. முதலாவது வேகம், இரண்டாவது பாதுகாப்பு.

கடைக்காரரின் சிட்டை கடதாசி. கரண்ட் போனாலும் அது மேசையிலேயே கிடக்கும். ஆனால் கணினியின் சிட்டை டிராம். கரண்ட் போனால் சிட்டை வெறும் தாள் ஆகிவிடும், அதுவும் வாடிக்கையாளரிடம் 'எழுதியாச்சு, நீங்கள் போங்கோ' என்று சொன்ன பிறகு. பிரச்சினையின் மையம் இதுதான்.

பேர்க்லியில் ஒரு கணக்கு

ரெய்ட் என்ற சொல் இந்தக் கதைக்குள் வருவது 1987இல். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், ரண்டி கற்ஸ் என்ற மூவர் ஒரு தொழில்நுட்ப அறிக்கை எழுதினார்கள். அடுத்த வருடம் சிக்காகோவில் நடந்த தரவுத்தள மாநாட்டில் அது கட்டுரையாக வந்தது. அப்போது பெரிய நிறுவனங்கள் ஐ.பி.எம் 3380 போன்ற பென்னாம்பெரிய, விலைகூடிய டிஸ்க்குகளைப் பாவித்தன. அதன் கொள்ளளவு 7500 மெகாபைட். மறுபக்கம் தனியாள் கணினிகளுக்காக வந்த சின்ன டிஸ்க் வெறும் 100 மெகாபைட், ஆனால் மலிவு. மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரு பெரிய டிஸ்க்காகக் காட்டினால் என்ன என்பதுதான் அவர்களின் கேள்வி. ரெய்ட் என்ற சுருக்கத்தின் நடு எழுத்து அப்போது 'மலிவான' என்பதைக் குறித்தது. பிறகு விற்கிற கொம்பனிகளுக்கு அந்தச் சொல் பிடிக்காமல் 'தனித்தனியான' என்று மாறியது வேறு கதை.

மலிவான டிஸ்க்குகளைக் கூட்டினால் ஒரு ஆபத்தும் கூடும். ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும் என்று அவர்கள் கணக்கெடுத்தார்கள். 100 டிஸ்க்கைச் சேர்த்தால் சராசரியாக 300 மணித்தியாலத்துக்கு ஒன்று பழுதாகும். இரண்டு கிழமைகூட இல்லை. ஆகவே ஒரு டிஸ்க் செத்தாலும் தரவு சாகக்கூடாது. அதற்கு அவர்கள் வரிசைப்படுத்திக் காட்டிய வழிகளில் ஐந்தாவது, இன்றைக்கும் பாவனையில் இருக்கிற ரெய்ட் 5.

அதைச் சின்ன எண்களால் விளங்கப்படுத்தலாம். மூன்று டிஸ்க்கில் 7, 5, 9 என்று எழுதியிருக்கிறது. நாலாவதில் கூட்டுத்தொகை 21. இப்ப 9 இருந்த டிஸ்க் பழுதானால் என்ன? 21இலிருந்து 7ஐயும் 5ஐயும் கழித்தால் 9 திரும்பக் கிடைக்கும். உண்மையில் நடப்பது கூட்டல் இல்லை, பிற் அளவில் நடக்கிற ஒரு ஒப்பீடு. ஆனால் தத்துவம் இதுதான்.

இனி 5ஐ 8 ஆக மாற்ற வேண்டும் என்று வையுங்கள். முதலில் பழைய 5ஐ வாசிக்க வேண்டும். பழைய 21ஐ வாசிக்க வேண்டும். புதுத் தொகை 24 என்று கணக்குப் பார்த்து, 8ஐ எழுத வேண்டும், 24ஐ எழுத வேண்டும். ஒரு சின்ன மாற்றத்துக்கு நாலு டிஸ்க் வேலை! ஏற்கனவே மெதுவான டிஸ்க் இன்னும் மெதுவாகிறது.

இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. 8ஐ எழுதியாச்சு, 24ஐ எழுத முன்னர் கரண்ட் போய்விட்டது. இப்போது டிஸ்க்குகளில் இருப்பது 7, 8, 9. தொகை இன்னும் 21. கரண்ட் வந்த பிறகு எல்லாம் ஒழுங்காக இருப்பது மாதிரித்தான் தெரியும். யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு 9 இருந்த டிஸ்க் சாகிறது. ரெய்ட் தன் கடமையைச் செய்கிறது: 21இலிருந்து 7ஐயும் 8ஐயும் கழித்தால் 6. அன்றைக்கு யாருமே தொடாத 9, சத்தமில்லாமல் 6 ஆகிவிட்டது. ஒரு பிழைச்செய்திகூட வராது. இதை 'எழுத்து ஓட்டை' என்று அழைக்கிறார்கள். தரவைக் காப்பாற்றுவதற்காகச் செய்த ஏற்பாடே பொய்த் தரவைத் தயாரித்துத் தருகிறது. ஒரு வைத்தியசாலைப் பதிவேட்டில், ஒரு சம்பளப் பட்டியலில் இப்படி நடந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தொலைந்துபோன தரவைத் தேடலாம், இல்லை எண்டு சொல்லவாவது முடியும். மாறிப்போன தரவை நாங்கள் நம்பிக்கொண்டே இருப்பம்.

பற்றரி உள்ளே வருகிறது

கேஷுக்குப் பற்றரி கொடுத்தால் வேகப் பிரச்சினை, ஓட்டைப் பிரச்சினை இரண்டுக்கும் ஒரே மருந்து. கரண்ட் போனாலும் பற்றரி டிராமை நிரப்பிக்கொண்டே இருக்கும். 'இன்னும் 24ஐ எழுதவில்லை' என்ற ஞாபகம் தப்பிவிடும். கரண்ட் வந்தவுடன் கொன்ட்ரோலர் அதை எழுதி முடிக்கும்.

மெமரிக்குப் பற்றரி வைக்கிற யோசனை சேர்வருக்கு மட்டும் சொந்தமில்லை. 1984இல் வந்த ஐ.பி.எம் பி.சி ஏ.ரி கணினியில் நேரத்தையும் அமைப்புகளையும் ஞாபகம் வைக்க ஒரு பற்றரி இருந்தது. 1987இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 'த லெஜென்ட் ஒஃப் செல்டா' விளையாட்டின் கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு நாணயப் பற்றரி இருந்தது. விளையாடின இடத்தை அதுதான் ஞாபகம் வைத்தது. அவையெல்லாம் மிகக் குறைந்த மின்னோட்டம் கேட்கிற வேறு வகை மெமரி. அதால் வருடக்கணக்கில் இருக்கும். டிராமை உயிரோடு வைத்திருக்க அதைவிட அதிகம் வேண்டும். அதனால்தான் சேர்வர் அட்டையின் பற்றரிக்கு ஆயுள் மணித்தியாலக் கணக்கில்.

பெரிய கணினிகளின் உலகத்தில் ஐ.பி.எம் 1980களின் கடைசியில் 3990 மாடல் 3 என்ற சேமிப்புக் கொன்ட்ரோலரைக் கொண்டுவந்தது. அதில் சாதாரணக் கேஷோடு சேர்த்து, பற்றரி தாங்கிய தனி மெமரி ஒன்றும் இருந்தது. அளவு 4 மெகாபைட் மட்டும்தான். இன்றைக்கு ஒரு படத்தைக்கூட அதற்குள் அடக்க முடியாது. எழுத வேண்டியது இரண்டு இடத்திலும் பதிந்த பிறகே 'எழுதியாச்சு' என்று பதில் போகும். ஒன்று பழுதானாலும் மற்றதில் இருக்கும்.

சின்ன சேர்வர்களின் உலகத்தில் கதை வேறு வழியால் வந்தது. சன் கொம்பனி உருவாக்கிய என்.எஃப்.எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறைக்கு ஒரு கண்டிப்பான விதி இருந்தது: சேர்வர் தரவை நிரந்தர இடத்தில் எழுதி முடித்த பிறகுதான் பதில் சொல்ல வேண்டும். நேர்மையான விதி. ஆனால் அதால் எல்லாம் ஆமை வேகம். சன்னிலிருந்து வெளியேறின பொறியியலாளர் சிலர் தொடங்கிய லெகாட்டோ கொம்பனி, 1990 அளவில் பிரெஸ்ரோசேர்வ் என்ற அட்டையை விற்றது. அதில் 1 மெகாபைட் மெமரியும் பற்றரியும். விதியை மீறவில்லை, ஆனால் வேகம் கிடைத்தது. 1992இல் தொடங்கிய நெற்அப் கொம்பனியின் டேவ் ஹிற்ஸ், ஜேம்ஸ் லாவ், மைக்கல் மல்கம் ஆகியோர் 1994இல் எழுதிய கட்டுரையில் இன்னொரு வழி இருக்கிறது. டிஸ்க்கில் போக வேண்டிய துண்டுகளைப் பற்றரி மெமரியில் வைக்காமல், வந்த கோரிக்கைகளையே வரிசையாக அதில் குறித்து வைத்தார்கள். கரண்ட் போய் வந்தால் அந்தக் குறிப்பை முதலிலிருந்து வாசித்து, வேலையைத் திரும்பச் செய்வது. அச்சொட்டாக எங்கள் கடைக்காரரின் சிட்டை.

இந்த இடத்தில் ஒரு விசயத்தைக் கவனிக்க வேண்டும். பற்றரி டிஸ்க்கை வேகமாக்கவில்லை. அது செய்தது 'எழுதியாயிற்று' என்ற சொல்லின் எல்லையை நகர்த்தினது. 1995இல் என்.எஃப்.எஸ்ஸின் மூன்றாம் பதிப்புக்கான ஆவணம் வெளியானபோது, 'நிலையான சேமிப்பு' என்றால் என்ன என்பதற்கு அதில் எடுத்துக்காட்டுகள் கொடுத்தார்கள். டிஸ்க்கில் எழுதுவது ஒன்று. பற்றரி தாங்கிய இடைச் சேமிப்பில் வைத்திருந்து, கரண்ட் வந்தபின் மீட்கிற மென்பொருளும் இருந்தால் அதுவும் நிலையான சேமிப்பு என்று எழுதினார்கள். ஒரு சட்டமூலத்தில் ஒரு சொல்லின் வரைவிலக்கணம் மாறுகிறதைப் போல, பற்றரி வரைவிலக்கணத்துக்குள் வந்து குந்திவிட்டது. அன்றிலிருந்து 'நிரந்தரம்' என்பது காந்தத்தில் பதிந்ததை மட்டும் குறிக்கவில்லை. பற்றரி தாங்கும்வரை நிரந்தரம் என்பதும் அதற்குள் சேர்ந்துகொண்டது.

பற்றரிக்கும் வயது போகும்

2000களில் இந்த ஏற்பாடு சாதாரண சேர்வர்களுக்கும் வந்துவிட்டது. டெல்லின் பேர்க் அட்டைகள், எச்.பியின் ஸ்மார்ட் அரே அட்டைகள், எல்.எஸ்.ஐயின் மெகாரெய்ட் அட்டைகள் எல்லாவற்றுக்கும் பற்றரி வாங்கலாம். டெல்லின் பேர்க் 6 அட்டையின் லிதியம் அயன் பற்றரி, புதிதாக இருக்கும்போது 256 மெகாபைட் கேஷை 72 மணித்தியாலம் வரை காப்பாற்றும். கேஷ் 512 மெகாபைட் என்றால் அதைவிடக் குறைந்த நேரம்தான். கேஷ் பெருக்கப் பெருக்கப் பற்றரியின் காலம் சுருங்குகிறது.

'புதிதாக இருக்கும்போது' என்ற சொல்தான் முக்கியம். எங்கள் ஃபோன் பற்றரிக்கு இரண்டு மூன்று வருடத்தில் என்ன நடக்கிறது எண்டு எல்லாருக்கும் தெரியும். சேர்வரின் உட்பக்கம் அதைவிடச் சூடு, 24 மணித்தியாலமும் ஓடுகிறது. பற்றரி மெல்ல மெல்லக் கிழடாகும். ஆனால் கரண்ட் போகாதவரைக்கும் அது கிழடானது யாருக்கும் தெரியாது.

அதனால் அட்டைகளுக்குள் ஒரு சோதனையை வைத்தார்கள். 'கற்றல் சுற்று' என்று பெயர். மாதத்துக்கு ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ அட்டை தன் பற்றரியை முழுக்க வடியவிட்டு, திரும்ப நிரப்பி, இன்னும் எவ்வளவு தாங்கும் என்று அளக்கும். பற்றரி வடிந்திருக்கிற அந்த மணித்தியாலங்களில் கேஷுக்குப் பாதுகாப்பு இல்லை. அதால பல அட்டைகள் அந்த நேரத்தில் தானாகவே ரைட்-துரூவுக்கு மாறிவிடும். சேர்வர் திடீரெண்டு ஆமையாகும். நட்டநடுப் பகலில், ஆக்கள் கூடின நேரத்தில், ஒரு காரணமும் இல்லாமல் தரவுத்தளம் இழுபடுகிறதே என்று நிருவாகிகள் தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் பார்த்தால் பற்றரி தன்னைத்தான் சோதித்துக்கொண்டிருக்கும்.

இங்கேதான் மனிதர் உள்ளே வருகிறார்கள். பல அட்டைகளில் ஒரு தெரிவு இருக்கிறது: பற்றரி இல்லாவிட்டாலும், செத்தாலும், ரைட்-பாக்கிலேயே இரு. அதை அழுத்தினால் வேகம் திரும்ப வந்துவிடும். மேலதிகாரி சந்தோசம், பாவிக்கிற சனம் சந்தோசம். புதுப் பற்றரிக்குக் காசு ஒதுக்கத் தேவையில்லை. அடுத்த தடவை கரண்ட் போகிறவரைக்கும் எல்லாம் சுகம். திரையில் 'சேமிக்கப்பட்டது' என்ற அதே வரிதான் வரும், ஆனால் அதற்குப் பின்னால் நின்ற பிணையாளி இப்போது இல்லை. வெளியிலிருந்து பார்க்கிற எங்களால் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. அட்டையின் பற்றரி அட்டையின் கேஷை மட்டும்தான் காக்கும். ஒவ்வொரு டிஸ்க்குக்குள்ளும் அதற்கென்று ஒரு சின்னக் கேஷ் இருக்கிறது. அதை நிறுத்தி வைக்காவிட்டால், 'நான் எழுதியாச்சு' என்று டிஸ்க் அட்டைக்குச் சொல்லும், அட்டை அதை நம்பித் தன் பிரதியை அழித்துவிடும். பற்றரி நல்லா இருந்தும் தரவு போய்விடும்.

பற்றரியை விட்டு வெளியேறுவது

2000களின் கடைசியில் ஒரு கேள்வி எழுந்தது. கரண்ட் திரும்பி வரும்வரை ஞாபகத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஏன் நினைக்கிறோம்? கரண்ட் போனவுடனேயே கேஷில் இருப்பதைப் பிளாஷ் சில்லில் எழுதிவிட்டால் என்ன? பென்ட்ரைவில் இருக்கிற அதே பிளாஷ், அதற்கு ஞாபகம் வைக்கக் கரண்ட் தேவையில்லை. 72 மணித்தியாலத்துக்குப் பதிலாக ஒரு நிமிடமளவு தாங்கினால் போதும்.

அதற்குப் பற்றரி தேவையில்லை, சுப்பர் கொள்ளளவி போதும். இதுவும் புதுச் சாமான் இல்லை. 1957இல் ஜெனரல் எலெக்ரிக் இதன் முதல் வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றது. ஜப்பானின் என்.ஈ.சி 1978இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்ததே கணினி மெமரிக்குப் பின்துணை கொடுக்கத்தான். முப்பது வருடத்துக்குப் பிறகு அது அதே வேலைக்குத் திரும்பி வந்தது. 2009இல் அடப்ரெக் தன் 5இஸட் வரிசை அட்டைகளில் கொள்ளளவியையும் பிளாஷையும் சேர்த்தது. எச்.பி, எல்.எஸ்.ஐ போன்றவையும் அதே பாதைக்கு வந்தன. சில நிமிடத்தில் நிரம்பும், லிதியம் பற்றரி போலக் கெதியாகக் கிழடாகாது, நீண்ட கற்றல் சுற்றுத் தொல்லை இல்லை.

இன்னொரு பக்கம் மென்பொருள்காரர் வேறு வழியைப் பிடித்தார்கள். 2005இல் சன் வெளியிட்ட இஸட்.எஃப்.எஸ் கோப்பு முறைமை பழைய எண்ணுக்கு மேல் புது எண்ணை எழுதுவதே இல்லை. 7, 8, 9, 24 என்ற முழு வரியையும் புது இடத்தில் எழுதி முடித்து, கடைசியில்தான் 'இனி இதுதான் சரியான வரி' என்று முகவரியை மாற்றும். நடுவில் கரண்ட் போனால் பழைய வரி பழுதில்லாமல் இருக்கும். ஓட்டையைப் பற்றரியால் அடைக்காமல், ஓட்டை விழாத மாதிரி எழுதுகிற முறை அது.

மறக்காத மெமரியையே திரும்பக் கொண்டுவர ஒரு முயற்சியும் நடந்தது. 2015இல் இன்ரெல்லும் மைக்ரொனும் பெரிய ஆரவாரத்தோடு அறிவித்த ஒரு புதுவகை மெமரி, பின்னர் ஒப்ரேன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. கரண்ட் போனாலும் மறக்காது, பிளாஷைவிட வேகம். ஆனால் வியாபாரம் சரிவராமல் 2022இல் இன்ரெல் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. டிராம் இன்னும் மலிவு, இன்னும் மறதி. கொள்ளளவிகளுக்கு இன்னும் வேலை இருக்கிறது. தரவு மையங்களுக்கு விற்கிற பல எஸ்.எஸ்.டிக்களுக்குள்ளும் இதே வேலைக்காகச் சின்னக் கொள்ளளவிகள் வரிசையாக இருக்கின்றன.

கரண்ட் வரும் என்ற நம்பிக்கை

72 மணித்தியாலம் என்ற எண்ணுக்குள் ஒரு உலகப்பார்வை ஒளிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை பின்னேரம் கரண்ட் போனாலும் திங்கட்கிழமை வேலைக்கு ஆள் வரும்வரை தாங்க வேண்டும் என்றால் ஏறத்தாழ அவ்வளவுதான் வரும். கரண்ட் போவது எப்போதாவது நடக்கிற விபத்து, அதுவும் கெதியாகத் திரும்பி வரும் என்று நம்புகிற நாடுகளில் வடிவமைத்த சாமான் இது. 2022 மார்ச் மாதக் கடைசியில் எங்கள் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஒவ்வொரு மின்வெட்டும் ஒரு சேர்வரின் பற்றரிக்கு ஒரு சோதனைதான். யூ.பி.எஸ் இருக்குதானே எண்டு கேட்கலாம். யூ.பி.எஸ் சுவரிலிருந்து வருகிற கரண்டுக்குத்தான் பதில். சேர்வரின் மின்வழங்கி எரிந்தாலோ, ஒராள் தவறுதலாக வயரைக் கழட்டினாலோ, யூ.பி.எஸ்ஸே வடிந்து முடிந்தாலோ, கடைசிக் காவல் அந்த அட்டையில் தொங்குகிற பற்றரிதான்.

இந்த வரலாற்றைப் படிக்கையில் எனக்குப் பிடிபட்ட விசயம் ஒன்று. காந்த வளையம், பற்றரி, கொள்ளளவி, புதுவிதமாக எழுதும் மென்பொருள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தாலும், சொல்லுக்கும் செயலுக்கும் இடையில் இருக்கிற அந்தச் சின்ன நேரத்தை யாரும் இல்லாமல் செய்யவில்லை. அதைச் சுருக்கினார்கள், இடம் மாற்றினார்கள், அதற்குப் பிணை வைத்தார்கள். பிணை வைக்கிறது பொறியியலாளரின் வேலை. அந்தப் பிணை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது பராமரிக்கிறவரின் வேலை. முதலாவது ஆளுக்கு மாநாடும் காப்புரிமையும் கிடைக்கிறது. இரண்டாவது ஆளுக்குப் பெரும்பாலும் கிடைப்பது, 'எல்லாம் ஒழுங்காத்தானே ஓடுது, பிறகென்னத்துக்குப் புதுப் பற்றரி' என்ற கேள்வி.

இப்போது எங்கள் பிரதேச சபைகளும் பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் கடதாசிப் பதிவேட்டை விட்டுக் கணினிக்கு வந்துகொண்டிருக்கின்றன. பழைய புகைப்படங்களையும் பத்திரிகைகளையும் வருடி, எண்ணிம ஆவணங்களாக்கும் வேலையில் எங்கள் தலைமுறைப் பெடியள் பெட்டையள் எத்தனையோ பேர் நிற்கினம். எத்தனை டெராபைட், எத்தனை பக்கம் என்று கணக்குச் சொல்லுகிறோம். அந்த சேர்வரின் அட்டையில் பற்றரி இருக்கிறதா, எந்த வருடம் மாற்றினது, செத்தால் ரைட்-துரூவுக்குப் போகுமா அல்லது பேசாமல் ரைட்-பாக்கிலேயே இருக்குமா என்று கேட்கிற ஒராளும் அந்தக் குழுவுக்குள் இருக்க வேண்டும். கேட்பதற்குக் கணினி விஞ்ஞானம் படித்திருக்கத் தேவையில்லை. 9 எப்படி 6 ஆகும் என்று விளங்கினால் போதும்.